பின்வரிசை மங்கிய குடும்பப் படம்: அப்பர்ச்சர் தேர்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு பாட்டிக்கு 80 வயது நிறைந்தது. அதற்காக எல்லாரும் கூடிய நாளில் எடுத்த குடும்பப் படத்தைப் பற்றியது இந்த ஆய்வு. படத்தில் 11 பேர். எடுத்தவர் பாட்டியின் மூத்த பேரன். தொழிலாக எடுப்பவர் அல்ல. ஓராண்டாக ஆசையோடு கற்றுக்கொண்டு வருபவர். கையில் இருந்தது கொஞ்சம் பழைய ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் கேமரா. அதில் புதிதாக வாங்கிய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். (அப்பர்ச்சர் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளை. எஃப் எண் சிறிதானால் அது பெரிதாகத் திறக்கும்.)

நான் புகைப்படம் கற்றுத்தருகிறேன். பேரன் என்னிடம் சில வகுப்புகளுக்கு வந்திருக்கிறார். படத்தில் கோளாறு தெரிந்த பிறகு கோப்புகளை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். அதற்கப்புறம் நடந்த எல்லாவற்றிலும் எனக்குப் பங்கு உண்டு, ஒரு தவறு உட்பட. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

இதில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. வெளிச்சம் போதுமானதாக இருந்தது, கேமரா ஆடவில்லை, 11 பேரும் கண்ணைத் திறந்திருந்தார்கள். எடுத்ததும் கேமராத் திரையில் பார்த்தார்கள், நன்றாகவே இருந்தது. அப்படியும் படம் கெட்டது. அப்பர்ச்சர் தவறு பெரும்பாலும் இப்படித்தான், எடுத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாது.

முதல் படம்

பெரிய ஜன்னல்கள் உள்ள கூடம், மாலை வெளிச்சம். முன்னால் தரையில் 3 குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகளில் பாட்டியோடு சேர்த்து 4 பேர். அதற்கும் பின்னால் 4 பேர் நின்றார்கள். கேமராவிலிருந்து குழந்தைகளின் முகம் சுமார் 4.4 மீட்டர், நாற்காலி வரிசை சுமார் 5 மீட்டர், நின்றவர்கள் சுமார் 5.7 மீட்டர். அன்று யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. பிறகு படத்தில் தெரிந்த தரை ஓடுகளை எண்ணிக் கணக்குப் போட்டோம்.

கேமராவில் வைத்திருந்தது எஃப்/1.8, ஷட்டர் வேகம் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 400. ஏன் 1.8 என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னார். எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல லென்ஸ் என்கிறார்கள், அப்படியென்றால் அந்தக் குறைந்த எண்ணில்தானே லென்ஸ் தன் முழுத் தரத்தையும் காட்டும் என்பது ஒன்று. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) வரும், அதைத் தவிர்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

இரண்டாவது காரணத்தில் தவறில்லை. முதல் காரணத்தை நான் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். எஃப்/1.8 வரை திறக்கும் லென்ஸ் என்றால் தேவைப்பட்டால் அவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்றுதான் பொருள். எப்போதும் முழுக்கத் திறந்து வைத்திரு என்று பொருள் இல்லை. ஆனால் அவர் அந்த லென்ஸில் அதுவரை எடுத்ததெல்லாம் ஒற்றை ஆள் படங்கள். பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கிய அந்தப் படங்களுக்கு எஃப்/1.8 பிரமாதமாகப் பொருந்தியிருந்தது. பலமுறை பலன் கொடுத்த அமைப்பை ஒரு முக்கியமான நாளில் மாற்ற யாருக்கும் மனம் வராது.

ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விட்டிருந்தார். அந்த முறையில் பல கேமராக்கள் மிக அருகில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். இங்கேயும் அதுதான் நடந்தது. தரையில் நடுவில் உட்கார்ந்த குழந்தையின் முகத்தில் ஃபோகஸ் நின்றது.

பிரிண்ட் வந்த நாள்

படம் முதலில் ஃபோனில்தான் எல்லாருக்கும் போனது. யாரும் குறை சொல்லவில்லை. அப்புறம் பாட்டியின் அறையில் மாட்டுவதற்காக 36 அங்குல அகலம், 24 அங்குல உயரத்தில் பிரிண்ட் போட்டார்கள்.

குடும்பப் படத்தை யாரும் எட்ட நின்று பார்ப்பதில்லை. கிட்டத்தில் போய், ஒவ்வொரு முகமாக விரல் வைத்துத்தான் பார்ப்பார்கள். பாட்டியும் அப்படித்தான் பார்த்தார். குழந்தைகள் மூவரையும் பெயர் சொல்லிச் சிரித்தார். பின்வரிசைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். “எனக்குத்தான் கண்ணு சரியில்ல போல” என்றார்.

பேரனுக்கு அந்த வார்த்தைதான் தாங்கவில்லை. அவர் என்னிடம் வந்ததே அதைச் சொல்லத்தான். படத்தில் இருந்த குறையைப் பாட்டி தன் கண்ணின் குறையாக எடுத்துக்கொண்டார்.

என்ன பார்த்தோம்

வரும்போதே அவரிடம் மூன்று சந்தேகம் இருந்தது. பிரிண்ட் போட்டவர்கள் கெடுத்துவிட்டார்கள், அல்லது கை ஆடிவிட்டது, அல்லது லென்ஸே பழுது.

முதல் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. மூலக் கோப்பைக் கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கினோம். மங்கல் கோப்பிலேயே இருந்தது, பிரிண்ட் அதை அப்படியே காட்டியிருக்கிறது.

கை ஆட்டமா, ஃபோகஸ் பிசகா என்று பிரிக்க ஒரு நல்ல தடயம் கிடைத்தது. பின்வரிசையில் நின்ற ஒரு பெண் கல் வைத்த தோடு போட்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு ஒரு புள்ளியாக மின்னியிருக்க வேண்டும். கோப்பில் அது புள்ளியாக இல்லை, சின்ன வட்டத் தட்டாக விரிந்திருந்தது. கை ஆடியிருந்தால் அது கோடாக இழுபட்டிருக்கும், எல்லா வரிசையிலும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஓரம் தெளிவான வட்டம் என்றால் அது ஃபோகஸுக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். படம் மங்கிவிட்டது என்று யார் வந்தாலும் முதலில் இப்படி மின்னும் புள்ளியைத்தான் தேடுகிறேன். கண்ணில் விழும் ஜன்னல் ஒளி, சட்டைப் பொத்தான், கண்ணாடி ஃப்ரேம், எதுவானாலும் சரி.

அடுத்து தரையைப் பார்த்தோம். குழந்தைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஓடுகளின் இணைப்புக் கோடுகள் துல்லியம். நாற்காலிக் கால்களுக்குப் பக்கத்தில் அதே கோடுகள் மெத்தென்று ஆகி, பின்வரிசையின் காலடியில் கரைந்தே போயிருந்தன. தெளிவு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைத் தரை வரைபடம்போலக் காட்டியது. லென்ஸில் பழுதில்லை. எந்த முகத்தைப் பிடித்ததோ அதைச் சரியாகவே பிடித்திருந்தது.

இனிக் கணக்கு. 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8, 4.4 மீட்டரில் ஃபோகஸ். ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவுகோலின்படி, அதாவது சென்சாரில் (கேமராவுக்குள் படம் விழும் சில்லில்) 0.03 மி.மீ. வரை மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால், தெளிவின் ஆழம் மொத்தம் 84 செ.மீ. அளவுதான் வரும். குழந்தைக்கு முன்னால் 38, பின்னால் 46. பாட்டியின் வரிசை சுமார் 60 செ.மீ. பின்னால் இருந்தது, நின்றவர்கள் 1.3 மீட்டர் பின்னால். 8 பேர் எல்லைக்கு வெளியே.

அந்த 1.3 மீட்டர் தள்ளி நின்றவர்களின் மங்கல் வட்டம் சென்சாரில் சுமார் 0.073 மி.மீ. கேமராவின் 3 அங்குலத் திரை சென்சாரைவிட இரண்டு மடங்குகூடப் பெரிதில்லை. அதில் இந்த வட்டம் 0.13 மி.மீ. ஆகத்தான் விழும், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. 36 அங்குலப் பிரிண்ட் என்பதோ சென்சாரைப் போல் 25 மடங்கு. அங்கே அதே வட்டம் 1.8 மி.மீ. ஆகிறது. பின்வரிசையில் இருப்பவரின் கருவிழி அந்தப் பிரிண்டில் 2.6 மி.மீ. அகலம்தான் வரும். 2.6 மி.மீ. கருவிழிமேல் 1.8 மி.மீ. மங்கல் படிந்தால் படத்தில் இருக்கும் யார் கண்ணிலும் பார்வை தெரியாது. பாட்டியின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

இந்த இடத்தில் அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அப்போ திரையில் பார்த்தது பொய்யா சார்?” பொய் இல்லை. திரை அளவுக்கு அது உண்மை, சுவர் அளவுக்கு உண்மை இல்லை.

முகத்தைத் தெளிவாக்கித் தரும் ஒரு செயலியில் பின்வரிசையை ஓட்டிப் பார்த்தார். கூர்மையான கண்கள் வந்தன, ஆனால் அவை அந்த நபர்களின் கண்களாக இல்லை. அதை வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம். பாட்டிக்கு அடையாளம் தெரியவேண்டிய படத்தில் வேறு யாருடைய கண்ணையோ வைக்க முடியாது.

ஃபோன் கேள்வி

“என் ஃபோன்லயும் 1.8தான் சார் போட்டிருக்கு. அதுல எடுத்தா எல்லா வரிசையும் தெளிவா இருக்கே?” என்றார். இதைவிட நல்ல கேள்வியை அப்பர்ச்சர் வகுப்பில் நான் கேட்டதில்லை.

எஃப் எண் என்பது துளையின் அளவு இல்லை, ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவிய தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண். அதனால்தான் எண் சிறிதானால் துளை பெரிதாகிறது. அவருடைய லென்ஸில் 50ஐ 1.8ஆல் வகுத்தால் துளை கிட்டத்தட்ட 28 மி.மீ. ஃபோனின் முதன்மை லென்ஸின் உண்மையான குவிய தூரம் பொதுவாக 6, 7 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதை 1.8ஆல் வகுத்தால் 4 மி.மீ.கூட வராது. இரண்டிலும் 1.8 என்று எழுதியிருந்தாலும் ஒன்று ஜன்னல், இன்னொன்று சாவித்துவாரம்.

சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் வெளிச்சம் எவ்வளவு என்று கேட்டால் இரண்டும் ஒன்றுதான், அதற்காகத்தான் இந்த எண்ணே வந்தது. மங்கல் வேறு விஷயம். தோட்டில் மின்னும் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸின் துளை முழுக்க நிரம்பி, கூம்பாகச் சுருங்கி, சென்சாரில் ஒரு புள்ளியாகச் சேர வேண்டும். ஃபோகஸ் தப்பினால் கூம்பின் நுனிக்குப் பதில் அதன் வெட்டுமுகம் சென்சாரில் விழும். கூம்பின் வாய் அகலமாக இருந்தால் வெட்டுமுகமும் அகலம். துளையைச் சுருக்கினால் கூம்பு ஊசியாகிவிடும், கொஞ்சம் தள்ளி வெட்டினாலும் புள்ளிபோலவே இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கட்டும் என்று லென்ஸின் முன்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். எஃப்/16 வைத்து, கேமராவின் முன்னால் இருக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ (தெளிவின் ஆழத்தை முன்கூட்டிக் காட்டும்) பொத்தானை அழுத்தினார். இதழ்கள் சடக்கென்று மூடி நடுவில் 3 மி.மீ. ஓட்டை மட்டும் மிஞ்சியது. விரலை எடுத்ததும் மறுபடி முழுக் கண்ணாடியும் திறந்தது. அந்தப் பொத்தான் எதற்கென்று அவருக்கு அதுவரை தெரியாது. டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது லென்ஸ் எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கும், நீங்கள் வைத்த துளைக்கு அது சுருங்குவது படம் எடுக்கும் அந்தக் கணத்தில் மட்டும்தான். அதனால் எஃப்/1.8க்கும் எஃப்/16க்கும் வியூஃபைண்டரில் வித்தியாசமே தெரியாது.

இரண்டாவது முயற்சி: எஃப்/16

இங்கேதான் என் தவறு. அன்று கிளம்பும்போது “அடுத்த முறை துளையைச் சுருக்கி எடுங்கள், ஃபோகஸ் விஷயம் தீர்ந்துவிடும்” என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு சுருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்று கேட்கவும் இல்லை, அதற்கான தகவல் கோப்பிலேயே இருந்தும்.

இரண்டு வாரம் கழித்து 11 பேரும் மறுபடி கூடினார்கள். அதே கூடம், அதே மாலை நேரம். பேரன் இந்த முறை கேமராவை முக்காலியில் நிறுத்தி, அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் (துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே வைக்கும் முறையில்) எஃப்/16 வைத்தார். எஃப்/11 போதும் என்றால் எஃப்/16 இன்னும் பாதுகாப்பு என்று நினைத்திருக்கிறார். ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு 3200 என்று உச்சவரம்பு போட்டிருந்தார்.

எஃப்/1.8இலிருந்து எஃப்/16க்குப் போவது ஆறேகால் ஸ்டாப்புக்கு, அதாவது படிக்கு, சற்று மேல். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு எண்ணும் முந்தையதைப்போல் சுமார் 1.4 மடங்கு, ஒவ்வொரு படியிலும் துளையின் பரப்பு பாதியாகிறது. மொத்தத்தில் வெளிச்சம் 80இல் ஒரு பங்காகிவிட்டது. ஐஎஸ்ஓ 3200 வரை ஏறியும் போதாமல், கேமரா ஷட்டர் வேகத்தை 1/20 நொடிக்கு இறக்கியது. வியூஃபைண்டர் எப்போதும்போல வெளிச்சமாகவே இருந்ததால் எதுவும் சந்தேகம் வரவில்லை.

இந்த முறை பிரிண்ட் போடுவதற்கு முன் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார், அது நல்ல முன்னேற்றம். பின்னால் இருந்த கதவுச் சட்டம், சுவர்க் கடிகாரம் எல்லாம் நிலையாக இருந்தன. ஆனால் குழந்தைகள் மூவரில் இருவரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. பாட்டியின் கைகளும் இழுபட்டிருந்தன. முக்காலி கேமராவைத்தான் பிடித்துக்கொள்ளும், மனிதர்களை அல்ல. எடுத்த 9 படங்களிலும் யாராவது ஒருவராவது அசைந்திருந்தார்கள்.

அசையாமல் இருந்த முகங்களிலும் ஒரு வறட்சி இருந்தது. தலைமுடி இழை பிரியவில்லை. ஐஎஸ்ஓ 3200இன் நாய்ஸ் ஒரு பக்கம், டிஃப்ராக்‌ஷன் இன்னொரு பக்கம். பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்ததுதான். மிகச் சின்ன துளை வழியாகப் போகும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும், அதனால் புள்ளி எவ்வளவு சரியாக ஃபோகஸ் ஆனாலும் ஒரு சிறு தட்டாகவே விழும். பச்சை ஒளிக்கு எஃப்/16இல் அந்தத் தட்டின் விட்டம் சுமார் 0.021 மி.மீ. 25 மடங்கு பெரிதாக்கினால் அரை மில்லிமீட்டர்.

“எஃப்/64 என்று ஒரு குழுவே இருந்ததே, அவர்கள் படமெல்லாம் கத்திமாதிரி இருக்குமே” என்று கேட்டார். உண்மை. 1932இல் கலிஃபோர்னியாவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலான புகைப்படக்காரர்கள் சேர்ந்து அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் பிடித்தது பெரிய தாள் ஃபிலிம். வெஸ்டன் 8க்கு 10 அங்குல நெகட்டிவை அப்படியே தாளில் ஒட்டவைத்துப் பிரிண்ட் எடுப்பார், பெரிதாக்கலே கிடையாது. எஃப்/64இல் தட்டு 0.086 மி.மீ. ஒரு மடங்கில் அது 0.086 ஆகவே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்குச் சரியான எண் நமக்கும் சரி என்று ஆகாது. எத்தனை மடங்கு பெரிதாக்கப் போகிறோம் என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

நாற்காலிச் சோதனை

மூன்றாவது முறை எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி ஏமாற்ற முடியாது. ஆகவே ஆட்கள் இல்லாமல் ஒரு சோதனை செய்தோம். அதே கூடத்தில், அதே நேரத்தில், மூன்று நாற்காலிகளை 4.4, 5.05, 5.7 மீட்டரில் சற்று விலக்கி விலக்கிப் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு செய்தித்தாள் பக்கத்தைக் கிளிப் போட்டு மாட்டினோம். எஃப்/1.8 முதல் எஃப்/16 வரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இரண்டு படம், ஒன்று முதல் நாற்காலியில் ஃபோகஸ் வைத்து, இன்னொன்று நடு நாற்காலியில் வைத்து.

எஃப்/1.8இல் முதல் நாற்காலியில் ஃபோகஸ் வைத்தபோது, கடைசி நாற்காலியின் செய்தித்தாளில் தலைப்பு மட்டும் படிக்க முடிந்தது, மற்றதெல்லாம் சாம்பல் பட்டை. எஃப்/5.6க்கு வந்தும் கடைசி நாற்காலி திருப்தியாக இல்லை. ஃபோகஸை நடு நாற்காலிக்கு மாற்றியதும், அதே எஃப்/5.6இல், கடைசி நாற்காலியின் மங்கல் பாதிக்கும் கீழே போனது. அப்பர்ச்சரைத் தொடவே இல்லை. பேரன் அந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஃபோகஸுக்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு தெளிவு இருக்கும் என்று ஒரு விதி சொல்வார்கள். ஹைப்பர்ஃபோகல் தூரத்தில் (எங்கே ஃபோகஸ் வைத்தால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை தெளிவாக இருக்குமோ அந்தத் தூரத்தில்) சரியாக மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஃபோகஸ் வைக்கும்போதுதான் அது கணக்குக்கு ஒத்துவரும். இதுபோல் கிட்டத்தில் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போடும் குழுப் படங்களில் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி. அதனால் மூன்று வரிசை என்றால் நடுவரிசை. அந்த விதியை நான் கற்றுத்தருவதை நிறுத்தி நாளாகிறது.

மூன்று செய்தித்தாள் பக்கத்திலும் சின்ன எழுத்து சமமாகத் தெரிந்தது எஃப்/8இல். ஆனால் அந்த வெளிச்சத்தில் எஃப்/8 வைத்து 1/125 நொடி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 5000 ஆகிறது. அவருடைய பழைய கேமராவில் ஐஎஸ்ஓ 5000இல் தோலின் நிறமே திட்டுத்திட்டாகிவிடுகிறது. ஒரு ஸ்டாப் எங்கிருந்தாவது கிடைத்தால் நல்லது.

அது நாற்காலிகளிடமிருந்து கிடைத்தது.

மூன்றாவது முயற்சி

கூட்டத்தின் ஆழத்தைக் குறைப்பது என்று முடிவு செய்தோம். ஃபோகஸுக்கு வேண்டியது முகங்களின் தூரம்தான், கால்களின் தூரம் இல்லை. குழந்தைகள் பெரியவர்களின் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நின்றவர்கள் நாற்காலி முதுகில் கை ஊன்றிக் கொஞ்சம் முன்னால் குனிந்தார்கள். முதல் முகத்துக்கும் கடைசி முகத்துக்கும் இடையில் இருந்த 1.3 மீட்டர் 90 செ.மீ. ஆனது. குனிந்து நின்றதில் படத்துக்கு ஒரு நெருக்கமும் வந்தது, அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

கேமராவை 60 செ.மீ. பின்னால் நகர்த்தினோம். முதல் வரிசை 5 மீட்டர், நடுவரிசை 5.45, கடைசி 5.9. ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் கூடியது, அதை வெட்டிக்கொள்ளலாம். முக்காலியை ஆள் உயரத்துக்கும் மேலே ஏற்றி லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்தோம். தெளிவுத் தளம் சென்சாருக்கு இணையாகத்தான் போகும், ஆகவே கேமரா கீழே சாய்ந்தால் அந்தத் தளத்தின் மேல்பக்கம் பின்னால் சாயும். பின்வரிசைத் தலைகளும் உயரத்தில், பின்னால்தானே இருக்கின்றன. 10 டிகிரி சாய்வில் 14 செ.மீ. அளவுக்கு லாபம். சின்ன லாபம்தான், ஆனால் அதற்கு வெளிச்சத்தில் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

ஃபோகஸ் புள்ளியைப் பேரனே தேர்ந்தெடுத்து, நடுவரிசையில் பாட்டியின் கண்ணில் வைத்துப் பூட்டினார். மேனுவலில் எஃப்/5.6, 1/125 நொடி, ஐஎஸ்ஓ 2500. முதல் நாளின் வெளிச்சக் கணக்கையே எடுத்துக்கொண்டு துளைக்கு இழந்ததை ஐஎஸ்ஓவிலும் ஷட்டரிலும் பங்கிட்டுக் கொடுத்ததால், முதல் படமே சரியான வெளிச்சத்தில் விழுந்தது. 12 படம் எடுத்தார். ஒவ்வொரு நான்கு படத்துக்கும் நிறுத்தி, திரையில் பின்வரிசை ஓர முகத்தை முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தார்.

ஒருவர் இல்லை. முதல் இரண்டு முறையும் பின்வரிசையில் நின்ற ஒரு பேத்தி, அந்தத் தோடு போட்டிருந்தவர், இதற்குள் படிப்புக்காக வெளியூர் போய்விட்டார். மூன்றாவது படத்தில் 10 பேர்தான்.

விளைவு

அதே 36 அங்குலப் பிரிண்ட். முன்வரிசையிலும் பின்வரிசையிலும் மங்கல் 0.2 மி.மீ. அளவுக்குள் அடங்கியது. புத்தகம் படிக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் கண் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய அதுதான். சுவருக்கு நாய்ஸ் ஒரு பொருட்டாகவே இல்லை, கிட்டப் போய்ப் பார்த்தால் நிழல் பகுதியில் கொஞ்சம் மணல் தெரியும். ஓரத்தில் நின்றவர்களின் முகம் முதல் படத்தில் சற்றே இருண்டிருந்தது, துளை முழுக்கத் திறந்தால் ஓரம் இருளும் வழக்கம். அதுவும் இதில் இல்லை.

பாட்டி கண்ணாடியைத் துடைக்கவில்லை. விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டு போனவர் கடைசியில் ஓர் இடத்தில் நிறுத்தி, “அவ எங்க?” என்றார்.

என் வகுப்பில் மாறியவை

துளையைச் சுருக்குங்கள் என்று எண்ணில்லாமல் சொல்வதை விட்டுவிட்டேன். இப்போது யார் குழுப் படம் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, படம் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்பதை. ஃபோனில் மட்டும் பார்க்கப்போகும் படத்துக்கும் சுவரில் மாட்டும் படத்துக்கும் ஒரே அப்பர்ச்சர் சொல்ல முடியாது. அடுத்து, முதல் முகத்துக்கும் கடைசி முகத்துக்கும் எவ்வளவு தூரம், அதைக் குறைக்க முடியுமா. வெளிச்சம் மூன்றாவது. இந்த மூன்றும் தெரிந்தபின் எண் தானாக வந்து நிற்கும். பெரும்பாலும் அது 5.6க்கும் 8க்கும் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் அதை மனப்பாட எண்ணாகச் சொல்லித்தர எனக்கு இப்போது மனமில்லை. எஃப்/1.8ஐ நம்பியதும் அப்படி ஒரு மனப்பாடம்தான்.

இன்னொன்று, இரண்டாவது முறைக்கு முன்பே நாற்காலிச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அப்படிச் செய்திருந்தால் 11 பேரும் இருந்த அன்றே இந்தப் படம் கிடைத்திருக்கும். இதை நான் பேரனிடம் சொன்னேன், அவர் என்மேல் வருத்தப்படவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

முதல் படம் இப்போது

வாரங்கள் கழித்துப் பேரன் ஃபோன் செய்தார். முதல் படத்தின் மங்கலை வேறு அளவுகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். 36 அங்குலத்தில் 1.8 மி.மீ. வந்தது, 6க்கு 4 அங்குலத்தில் 0.3 மி.மீ. தான் வருகிறது, சரியா சார் என்று கேட்டார். சரி. பின்வரிசை கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் முகம் முகமாகத் தெரியும்.

அந்த அளவில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். பெரிய படம் 10 பேரோடு சுவரில் இருக்கிறது. 11 பேரும் இருக்கும் சின்னப் படத்தைப் பாட்டி ஆல்பத்தில் வைக்கவில்லை. தான் தினமும் படிக்கும் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறார்.